புழுங்கல் அரிசியும் புதிய மொழியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு எங்களுக்கு என்று இருக்கவேண்டும் என்பது நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. பிறநாட்டுக்கு உழைக்கப் போகிற ஒருவனுக்கு நமது ஊரார் கொடுத்தனுப்பும் புத்திமதி பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியந்தான். போகிறவனும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். அங்கே போய் இறங்கியபின்போ, பாம்பு எது, நடுத்துண்டு எது, அதைத் தின்னத்தான் வேண்டுமா என்ற கேள்விகள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. பதில் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

"அந்நிய நாட்டில் உத்தியோகமும் அன்றாட சீவியமும்" என்ற விஷயத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாம் தயங்கினோம். பட்டப்படிப்பு இன்னும் முடியாத மாணவர் நாம். கடல் கடந்தவரும் அல்லர். ஆனால் எமது வீட்டிலிருந்து இருவர் கடல் கடந்திருக்கின்றனர். ஒருவர் எமது பூட்டனார். அவர் 1926ஆம் ஆண்டில் மலாயாவுக்குச் சென்று றெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். மற்றவர் எமது அண்ணர். அவர் தென்கொரியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பூட்டனாரின் கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டியில் இருக்கின்றன. அண்ணரின் குரல் தொலைபேசியில் வருகிறது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டே இன்று பேசத் துணிந்தோம்.

இஃது ஒரு வீட்டுக் கதையும் அன்று. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி இலங்கையை விட்டுச் சென்றனர். இந்த மண்டபத்தில் இருப்போரிலும் அடுத்த வருஷம் இங்கே இராதவர் சிலர் இருப்பர். அவர்களை எண்ணியே பேசுகிறோம்.

முதலில் மலாயாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் திகதி, தைப்பிங் நகருக்கும் போட் வெல்ட் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. எட்டு மைல் நீளமான அப்பாதையை அமைத்தவர்களுள் இலங்கையிலிருந்து சென்ற தொழிற்படையினரும் இருந்தனர். பாதை நீள நீள, ஆங்கிலம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தந்தி அடிக்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. அத்தகைய வாலிபர்களை யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்கள் வருஷந்தோறும் ஆக்கி வெளியே விட்டுக்கொண்டிருந்தன. ஆகவே நம்மவர் புகையிரத நிலைய அதிபர்களாகவும், கிளாக்கர்மாராகவும், நில அளவைப் பகுதியிலும் வைத்தியப் பகுதியிலும் உத்தியோகத்தராகவும் அங்கே குடியேறினர். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பகுதி றெயில்வே உத்தியோகத்தரின் இருப்பிடமாயிற்று. அங்கே கந்தசுவாமி கோயில் எழுந்தது. 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தோர் இவ்வளவு துணிவாய்ப் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பது எமது எண்ணம். நாமும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே. காலையில் அம்மா பூசிவிட்ட திருநீற்றோடு போவோம். பள்ளி மண்டபத்தில் ஜெபத்துக்கு எழுந்து நிற்போம். மாலையில் கோயில் மணி கேட்டுத் திரும்புவோம். எங்கே எப்படி நிற்பது, எதற்குத் தலை குனிவது, எதை மனத்துக்குள் வைத்துக்கொள்வது என்பதை ஏழு வயதிலேயே படித்துவிட்டோம். அந்தப் பயிற்சி கப்பலேறியவனுக்கும் உதவியிருக்கும்.

ஆயினும் அங்கு போனவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள், எதைப் புதிதாய்ப் படித்தார்கள், எதை விட்டிருக்கவேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதே நமக்குப் பயன்.

வைத்துக்கொண்டதற்கு உதாரணம் புழுங்கல் அரிசி. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பெருங் கேடு விளைத்தது. "இயலாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப்போகும். ஈற்றில் இருதயம் சோர்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கில் இந்நோயால் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழரை அது பெரும்பாலும் தொடவில்லை. பிறடன் என்னும் ஆங்கில வைத்தியர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது யந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றிய புழுங்கல் அரிசி. தம் வயலில் விளைந்ததை வீட்டில் அவ்வப்போது குற்றி உண்ட மலாயரிடமும் நோய் குறைவாகவே இருந்தது. பின்னர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிளெச்சர் என்ற வைத்தியர், கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்ட பிரிவில் நோயும் சாவும் மிகுந்தன. புழுங்கல் அரிசி உண்ட பிரிவு தப்பியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அச்சத்து இன்று பி1 விற்றமின் எனப்படுகிறது என்பதும் நாம் விஞ்ஞான பாடத்தில் படித்தவை.

இதைப் படித்தபோது எமக்கு ஒன்று தோன்றியது. வெள்ளை வெளேரென்ற அரிசியை நாகரிகம் என்று எண்ணி, ஆச்சி அவித்த அரிசியைக் கைவிட்டிருந்தால் எமது பூட்டனார் போன்றோர் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பர்? அவர்களுக்கு விற்றமின் தெரியாது. வாய்க்குப் பழகியதை விட மனமில்லை, அவ்வளவுதான். பழைய வழக்கம் எல்லாம் மூடத்தனம் என்று தள்ளிவிட்டுப் போகிறவன், தன்னைக் காப்பது எது என்று தெரியாமலே அதையும் தள்ளிவிடக்கூடும்.

ஆனால் பழையதே போதும் என்று இருந்தவனை மலேரியா கொன்றது. 1901இல் திறக்கப்பட்ட சுவெற்றன்ஹாம் துறையில் (இன்று அது கிள்ளான் துறை எனப்படும்) வந்திறங்கிய தொழிலாளர் காய்ச்சலில் விழுந்தனர். மல்கம் வாட்சன் என்ற அரசாங்க வைத்தியர், நுளம்பே காரணம் என்ற புதிய அறிவைக் கொண்டு அவ்விடத்துச் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடியச்செய்தார்; நோய் தணிந்தது. இதிலும் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. கரையோரத்தில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் குறைந்தது. மலைப்பக்கத்தில் அதே காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது. நிழலை விரும்பும் நுளம்பு ஒன்று. வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும் நுளம்பு வேறொன்று. ஓரிடத்தில் வென்ற முறையை மற்றோரிடத்தில் அப்படியே செய்யலாகாது என்பதை வாட்சன் அம்மலைகளிலே கற்றுக்கொண்டார். வைத்தியருக்கே அப்படியென்றால் நமக்கு எவ்வளவு? போன இடத்தைப் பார்த்துப் படிப்பதற்கு ஈடு வேறில்லை.

படிக்கவேண்டியவற்றுள் முதலாவது மொழி. கந்தோரில் ஆங்கிலம் போதும். ஆனால் புகையிரதச் சீட்டு வாங்க வந்த மலாயருக்கும், மரக்கறி விற்ற சீனருக்கும் ஆங்கிலம் வராது. சந்தையிலே எல்லாச் சாதியாரும் பேசிய கலப்பு மலாய் மொழியைப் பூட்டனாரும் படித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய ஒரு கடிதம் வேடிக்கையானது. "சுடா மாக்கான்?" என்று ஒரு மலாயர் தினமும் கேட்பாராம். இவர் தம்மிடம் சூடாக ஏதோ கேட்கிறார் என்று எண்ணி, தேநீர்ப் பாத்திரத்தைக் காட்டினாராம்! சாப்பிட்டாயிற்றா என்பதே அதன் பொருள். நம்மூரில் படலையைத் திறந்து வருகிறவரிடம் நாம் கேட்பதும் அதுதானே? கட்டிலை அவர்கள் "காத்தில்" என்கிறார்கள். பெட்டியைப் "பெத்தி" என்கிறார்கள். கடை "கெடை", கப்பல் "காப்பால்", மாம்பழம் "மெம்பெலாம்". பல நூற்றாண்டுகளுக்கு முன் சென்ற தமிழ் வணிகர் விட்டுவந்த சொற்கள் இவை. வாசலில் செருப்பைக் கழற்றுவது, வலக்கையால் கொடுப்பது, பிறர் தலையைத் தொடாதிருப்பது ஆகிய மலாயர் வழக்கங்களும் நமக்கு அந்நியமல்ல. அந்நியம் என்று அஞ்சிய வீட்டுக்குள்ளே நமது பெட்டியும் கட்டிலும் முன்னரே போய்க் கிடந்தன.

இனி, விட்டிருக்கவேண்டியதைச் சொல்லவேண்டும். இது இனிமையான பேச்சன்று, பெரியோர் பொறுத்தருளவேண்டும்.

மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினராய் உழைத்தனர். நமது மொழிதான் அவர்கள் மொழி. நமது முருகன்தான் அவர்கள் முருகன். ஆயினும் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பலர் அவர்களோடு கலக்கவில்லை. தனிச் சங்கம், தனி வட்டாரம் என்று இருந்தனர். பெண் எடுக்க ஊருக்கு வந்தனர். சாதியையும் குறிச்சியையும் கணக்குப் பார்த்தே உறவு கொண்டாடினர். எமது பூட்டனாரின் முதற் பதினைந்து வருஷக் கடிதங்களில் தோட்டத்துத் தமிழரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடையாது. "கூலிகள்" என்ற சொல்லோடு நிறுத்திவிடுவார்.

1941ஆம் ஆண்டின் இறுதியோடு கடிதங்கள் நின்றுபோகின்றன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன; 1942ஆம் ஆண்டு 2602ஆம் ஆண்டாயிற்று. இதுவரை ஆங்கிலத்தால் உண்டவர்கள் யப்பான் மொழி படிக்கவேண்டியதாயிற்று. அரிசி அருமையாயிற்று. ஊரிலே பூட்டி, கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் மூன்றரை வருஷம் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார். 1945இன் கடைசியில் வந்த கடிதத்தில் இப்படி இருக்கிறது: "இவ்விடம் சுகம். மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தேன். கிழங்கு தந்தது தோட்டத்திலுள்ள எங்கள் சனம்." முன்பு கூலிகள் என்று எழுதிய அதே கைதான் எங்கள் சனம் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல் வருவதற்கு ஒரு யுத்தமும் ஒரு பட்டினியும் வேண்டியிருந்ததை நினைக்க எமக்கு வெட்கமாயிருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கும். 1958இல் ஊர் திரும்பியபின், வீட்டில் யாராவது அச்சொல்லைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று எமது பாட்டனார் சொல்லியிருக்கிறார்.

இப்பொழுது அண்ணரைப் பற்றிச் சொல்கிறோம்.

தென்கொரியா 2004ஆம் ஆண்டில் பிறநாட்டுத் தொழிலாளரை அரசாங்கங்களுக்கிடையிலான ஒப்பந்தப்படி எடுக்கும் முறையைத் தொடங்கியது. இலங்கையும் அதில் சேர்ந்தது. கொரிய மொழிப் பரீட்சையில் தேறவேண்டும். அண்ணரும் இரவு பகலாய்ப் படித்துத் தேறினார். ஆனால் பரீட்சைத்தாளில் இருந்த மொழி வேறு, தொழிற்சாலையில் இருந்த மொழி வேறு. முதல் நாள் காதில் விழுந்தது "பல்லி, பல்லி" என்ற சத்தம். யந்திரத்துக்குள் பல்லி விழுந்துவிட்டதாக்கும் என்று அண்ணர் குனிந்து தேடினாராம். சீக்கிரம், சீக்கிரம் என்பதே அதன் பொருள்!

சந்தித்தவுடனே வயதைக் கேட்டார்கள். இது என்ன துருவல் என்று அவருக்கு எரிச்சல். மூத்தவருக்கு ஒரு பேச்சு, இளையவருக்கு வேறொரு பேச்சு என்பது அம்மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. வயது தெரியாமல் வாய் திறக்க முடியாது என்று பிறகுதான் விளங்கியது. எந்த ஊர், ஆற்றை மகன் என்று நம்மவர் கேட்பதைப் போலத்தான். பெரியவருக்கு எதையும் இரு கையாலும் கொடுக்கிறார்கள். வீட்டு வாசலில் பாதணியைக் கழற்றுகிறார்கள். அப்பா என்றால் அங்கும் தந்தை. மொழியறிஞர் இதைத் தற்செயல் என்பர், இருக்கலாம். ஆனால் குளிர்காலத்து இரவில் தெருவிலே ஒரு பிள்ளை "அப்பா!" என்று கூப்பிட்டதைக் கேட்டுத் தாம் திரும்பிப் பார்த்ததாக அண்ணர் சொன்னார். அவர்களும் "சோறு சாப்பிட்டாயிற்றா?" என்றுதான் சுகம் விசாரிக்கிறார்கள். மாட்டிறைச்சி உண்ணமாட்டேன் என்று கொரிய மொழியில் பணிவாய்ச் சொல்ல அண்ணர் பழகிக்கொண்டார்; சமையற்கார அம்மா அதன்பின் அவருக்கு வேறு கறி ஒதுக்கி வைத்தார். முதலில் மணத்தைக் கண்டே விலகிய கோவா ஊறுகாயை, இன்று அதில்லாமல் உண்ணமாட்டார். நடுத்துண்டு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வேறு துண்டு கிடைக்கிறது.

இவையெல்லாம் நமக்குப் பிந்தித் தெரிந்தவை. முதல் இரண்டு வருஷமும் தொலைபேசியில் அவர் சொன்னது "நல்லாய் இருக்கிறன்" என்பது ஒன்றே. நாமும் அதற்குமேல் கேட்கவில்லை. ஐயா கடனைப் பற்றிக் கேட்பார். அம்மா தங்கையின் காரியத்தைப் பற்றிக் கேட்பார். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வருஷம் நாம் ஒரு மடிக்கணினி கேட்டோம். அடுத்த வாரமே காசு வந்தது. வந்த வேகத்தைக் கண்டு, அண்ணருக்கு அங்கே குறைவில்லை என்று மகிழ்ந்தோம்.

அவர் லீவில் வந்த அன்று அம்மா சோறு போட்டார். அண்ணர் கறியை விட்டுக் குழைத்தபோது வலக்கைச் சுட்டுவிரல் மடியவில்லை. நான்கு விரல்களால் குழைத்தார். அம்மா கையைப் பிடித்துப் பார்த்தார். யந்திரத்தில் அகப்பட்டு, வைத்தியசாலையில் தைத்தது என்றார். எப்பொழுது என்று கேட்டோம். அவர் சொன்ன மாதத்தில்தான் நாம் மடிக்கணினி கேட்டது. ஏன் சொல்லவில்லை என்று அம்மா அழுதார். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை, சாதாரணமாய்ச் சொல்லிவிட்டுச் சோற்றைத் தின்றார்.

அன்பர்களே, இந்தப் பேச்சை எழுதியதும் அந்த மடிக்கணினியில்தான். எழுதும்போது எமக்கு விளங்கியது இது: அந்நிய நாட்டுக்குப் பழகும் வேலையைப் போனவன் தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் இங்கே இருந்துவிடுகிறோம். அவன் எதை வைத்திருப்பது, எதைப் படிப்பது, எதை விடுவது என்று தனியே நின்று தடுமாறுகிறான். வீட்டார் அதைக் கேட்க ஆயத்தமாய் இல்லை என்று தெரிந்தால், சுகம் என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறான். பூட்டனாரின் கடிதங்கள் யாவும் "இவ்விடம் சுகம்" என்றே தொடங்குகின்றன. மலேரியாவில் படுத்திருந்த மாதத்துக் கடிதமும் அப்படியே. பூட்டி அதை நம்பினார். வேறு வழியில்லை, ஒரு கடிதம் போய்வர வாரக்கணக்காகும். நமக்கு அந்தச் சாட்டும் இல்லை. முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். ஆனாலும் கையைக் காட்டு என்று கேட்கவில்லை.

ஆகவே இந்தச் சங்கத்துக்கு மூன்று சிறு விண்ணப்பங்களைச் செய்கிறோம். முதலாவது, பிறநாடு போக இருக்கும் நமது வாலிபர்களை, அந்நாட்டிலிருந்து திரும்பியவர்களோடு ஒரு மாலையேனும் இருத்திப் பேசவைக்கவேண்டும். சம்பளத்தைப் பற்றியல்ல, சாப்பாடு, குளிர், காய்ச்சல், பேச்சு, மரியாதை ஆகியவற்றைப் பற்றி. இரண்டாவது, போகிறவன் படிக்கும் மொழியில் நாலு வார்த்தையை வீட்டாரும் படிக்கவேண்டும். அவன் தனித்தவனல்லன் என்று அவனுக்குத் தெரியட்டும். மூன்றாவது, தொலைபேசியை எடுத்ததும் காசைப் பற்றிக் கேட்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும். மலாயரும் கொரியரும் நம் ஆச்சிமாரும் ஒருமுகமாய்க் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறதே, அதை முதலில் கேட்போம். சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? யாரோடு இருந்து சாப்பிட்டாய்? மூன்றாவது கேள்விக்கு அவன் தயங்கினால், அன்றைக்கு வேறொன்றும் கேட்காமல் அவனைப் பேசவிடுவோம்.

அண்ணர் திரும்பவும் கொரியாவுக்குப் போய்விட்டார். போகும்போது அம்மா ஐந்து கிலோ புழுங்கல் அரிசி கட்டிக் கொடுத்தார். பாரம் என்று அவர் மறுக்கவில்லை. எமக்குக் கொரிய எழுத்துக்களைச் சொல்லித் தருவதாக வாக்களித்திருக்கிறார்; இதுவரை பதினொன்று படித்துவிட்டோம்.